ஒரே இரவில் மனம் மாறுமா?

கேள்வி: கிறிஸ்துமஸ் மலருக்காக ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன். தம் விருப்பத்துக்கு மாறாகத் திருமணம் செய்துகொண்ட மகளோடு ஆறு ஆண்டுகளாகப் பேசாமலிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், நள்ளிரவுத் திருப்பலியில் மறையுரையைக் கேட்டு மனம் மாறி, கோயில் வாசலிலேயே அவளை மன்னித்து ஏற்றுக்கொள்கிறார். படித்தவர்கள் நெகிழ்ச்சியாக இருக்கிறது என்கிறார்கள். ஆனால் நம்ப முடியவில்லை என்றும் சொல்கிறார்கள். எதைத் திருத்துவது?
– வாசகி ஒருவர், நாகர்கோவில்

பதில்: உங்கள் தலைமையாசிரியரை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆறு ஆண்டுகள் கட்டிக் காத்த வைராக்கியத்தை ஒரு மறையுரை கரைத்துவிட்டது என்றால், அந்த வைராக்கியத்தில் உண்மை இருந்திருக்காது, இல்லையேல் இந்த மாற்றம் பொங்கல் வரைகூடத் தாங்காது என்றுதான் வாசகரின் மனம் எண்ணும். அவருக்கு அந்த அவப்பெயர் வரக்கூடாது.

ஒரே இரவில் மனம் மாறுவதற்குப் பலரும் காட்டும் சான்று, சார்லஸ் டிக்கன்ஸ் எழுதி 1843 டிசம்பர் 19 அன்று லண்டனில் வெளியான ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’. கருமியான ஸ்குரூஜ் ஆவிகளுக்கு அஞ்சித் திருந்தினான் என்றே அந்தக் கதை நினைவில் தங்கிவிட்டது. ஊன்றிப் படித்தால் வேறொன்று தெரிகிறது. முதல் ஆவி காட்டும் கடந்தகாலத்தில், மற்ற பிள்ளைகள் எல்லாம் விடுமுறைக்கு வீடு சென்றுவிட, பள்ளியில் தனித்து விடப்பட்ட சிறுவனாகத் தன்னையே பார்த்து அழும் ஸ்குரூஜ், முந்தைய இரவு தன் வாசலில் பாட வந்த பையனுக்கு ஏதாவது கொடுத்திருக்கலாமே என்கிறான். எதிர்காலத்தைக் காட்டி நடுங்கவைக்கும் மூன்றாம் ஆவி வருவதற்கு வெகு முன்பே அவனுக்குள் இந்தச் சிறு கசிவு தொடங்கிவிடுகிறது. பிறகு, தன் இளமைக்கால முதலாளியின் அன்பைக் கண்டதும், இப்போது தன் குமாஸ்தாவிடம் இரண்டொரு வார்த்தை பேச வேண்டும்போல் இருக்கிறது என்கிறான். அந்தக் குமாஸ்தாவின் நோயாளிப் பிள்ளை பிழைப்பானா என்று கேட்கும்போதோ, ஏழைகள் செத்தால் மக்கள்தொகை குறையட்டும் என்று முன்பு தான் சொன்ன சொல்லை ஆவி அப்படியே திருப்பிச் சொல்ல, தலைகுனிந்து நிற்கிறான். ஓர் இரவுதான், ஆயினும் அதற்குள் எத்தனை படிகள் என்று பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்கெல்லாம் பின்னால் வருகிறது. மனம் முழுவதும் மாறிய பிறகும், தங்கை மகன் விருந்துக்கு அழைத்திருந்த வீட்டின் கதவைத் தட்டத் துணிவு வராமல், ஸ்குரூஜ் அந்த வாசலைப் பல தடவை கடந்து நடக்கிறான். அவன் மாறிவிட்டான் என்பதை நான் நம்பியது அந்தத் தயக்கத்தைப் பார்த்துத்தான்.

உங்கள் கதைக்கு வருவோம். குடிலில் பச்சைப் புல்வெளிபோல் வைப்பதற்காகச் சில நாள்கள் முன்னதாகவே தட்டில் தானியம் விதைத்து முளைக்கவிடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. சிறுவயதில் மகள் செய்துவந்த அந்த வேலையை, இந்த ஆண்டு அப்பா யாரிடமும் சொல்லாமல் தாமே செய்வதாக வைத்துப் பாருங்கள். மனைவி அதைக் கண்டும் காணாததுபோல் இருக்கட்டும். தெரிந்தவர் ஒருவர் மகளைப் பற்றிப் பேச்சு எடுக்கும்போது, வழக்கம்போல் எழுந்து போகாமல் அவர் உட்கார்ந்தே இருக்கட்டும். இப்படி இரண்டு மூன்று இடங்கள் அமைந்துவிட்டால், திருப்பலியில் மறையுரை நீளவே வேண்டியதில்லை. மறையுரை முழுவதையும் வெட்டிவிட்டு, வெறுமையாக இருக்கும் தீவனத்தொட்டியில் குழந்தை இயேசுவின் சொரூபத்தை வைக்கும் அந்த ஒரு கணத்தை மட்டும் அவர் பார்த்திருப்பதாக எழுதலாம் என்பது என் துணிபு.

கருப்பொருளைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். ‘மன்னிப்பு’ என்பது கதையின் தலைப்பாகலாமே தவிர, அது மட்டுமே கருப்பொருளாகிவிடாது. யார் யாரை மன்னிக்க வேண்டும் என்று நீங்கள் கேட்டுக்கொண்டீர்களா? தான் விரும்பியவரை மணந்ததைத் தவிர வேறெதுவும் செய்யாத மகளை, ஆறு ஆண்டுகள் முகம் பாராமல் ஒதுக்கியவர் தந்தை. அவரையே மன்னிக்கும் இடத்தில் நிறுத்தியதுதான் கதையின் ஆழமான பிழை என்று நினைக்கிறேன். அவர் மன்னிப்புக் கேட்க வேண்டியவர் என்பதை அவரே உணரும் நொடிதான் உங்கள் உச்சம். அப்போது மகளும் வாசலில் காத்து நிற்கும் பொம்மையாக இல்லாமல், கோபமும் ஏக்கமும் கொண்ட பெண்ணாக எழுந்து நிற்பாள், உடனே கட்டிக்கொள்ளாமல், “அம்மா எப்படி இருக்காங்க?” என்று மட்டும் அவள் கேட்கக்கூடும்.

டிக்கன்ஸுக்கும் கருப்பொருள் பண்டிகையிலிருந்து கிடைக்கவில்லை. தந்தை கடனுக்காகச் சிறைப்பட்ட 1824ஆம் ஆண்டில், 12 வயதில் காலணி மெருகுத் தொழிற்சாலையில் வேலை செய்தவர் அவர். 1843இல் குழந்தைத் தொழிலாளர் பற்றிய அரசு அறிக்கையைப் படித்துக் கொதித்து, முதலில் ஒரு துண்டுப் பிரசுரம் எழுதத்தான் நினைத்தார். அதைக் கைவிட்டுச் சில வாரங்களில் இந்தக் கதையை எழுதி முடித்தார். உங்களுக்கும் உங்கள் கதைக்கும் இடையே அப்படி ஏதோ ஒரு வலி இருக்குமானால், தயங்காமல் அதிலிருந்து எழுதுங்கள்.

கேள்வி: மனத்துக்கு இதமான கிறிஸ்துமஸ் கதையில் வறுமை, சாவு போன்றவற்றைத் தவிர்ப்பது நல்லதா?
– வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: தவிர்க்க வேண்டாம். குளிர் இல்லாத இடத்தில் கணப்புக்கு வேலை இல்லை. நற்செய்தி நூல்கள் சொல்லும் பிறப்பிலேயே விடுதியில் இடம் கிடைக்கவில்லை, ஏரோது மன்னன் பச்சிளம் குழந்தைகளைக் கொல்லச் சொல்கிறான், பெற்றோர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரவோடு இரவாக எகிப்துக்கு ஓடுகிறார்கள். மேலே சொன்ன கதையில்கூட, விருந்தும் விளக்குமாக வரும் இரண்டாம் ஆவியின் அங்கிக்குள்ளிருந்து, அறியாமை, வறுமை என்ற பெயர் கொண்ட இரண்டு மெலிந்த குழந்தைகள் வெளிப்படுகிறார்கள். துயரத்தை முதல் பக்கத்திலேயே வையுங்கள். கடைசியில் வாசகரை அழவைப்பதற்காக மட்டும் அதைத் திடீரென்று கொண்டுவராதீர்கள்.