2014-இல் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கின் (NHL) ஸ்டான்லி கோப்பையை வென்ற லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் அணி, அடுத்த சீசனில் பிளேஆஃபுக்கே (கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்றுகள்) தகுதி பெறாதது ஏன்?

முக்கியக் காரணம், வழக்கமான அறுபது நிமிட முடிவில் சமனில் நின்ற ஆட்டங்கள். 2014-15 சீசனின் 82 ஆட்டங்களில் 18 ஆட்டங்கள் அறுபது நிமிடத்தைத் தாண்டிப் போயின. ஓவர்டைம் (கூடுதல் நேரம்), ஷூட்அவுட் (அதிலும் முடிவு வராவிட்டால் ஒற்றைக்கு ஒற்றை கோல் முயற்சிகள்) இரண்டும் சேர்த்து கிங்ஸ் ஜெயித்தது மூன்றே மூன்று! அப்படித் தோற்றாலும் ஒரு புள்ளி உண்டு, ஜெயித்தால் இரண்டு. கிங்ஸ் எடுத்தது 95 புள்ளி, பிளேஆஃபுக்குள் நுழைந்த கால்கரி அணி 97. இன்னும் மூன்றை ஜெயித்திருந்தால் 98 ஆகியிருக்கும்.

தற்காப்பு வீரர் வோய்னோவ் குடும்ப வன்முறைப் புகாரில் கைதாகி, அக்டோபரிலேயே இடைநீக்கம் ஆனதும் பெரிய அடி. முந்தைய பிளேஆஃபில் 26 ஆட்டம் ஆடிய களைப்பு என்றும் சொல்வார்கள். எனக்கு அது பாதிக் காரணம்கூட இல்லை. வழக்கமான நேரத்தில் நன்றாகத்தானே ஆடினார்கள்? கடைசியில் ஏப்ரல் 9 அன்று அதே கால்கரியிடம் 3-1 என்று தோற்று வெளியேறினார்கள்.