பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில் மாருதி ஜிப்சி ஜீப்பின் இன்ஜின் ஏற்றுகிறேன், எந்த ரேடியேட்டர் போடலாம்?

செம்பு-பித்தளை ரேடியேட்டர் போடுங்கள். கிரில்லுக்குப் பின்னால் எவ்வளவு அகலமும் உயரமும் கிடைக்குமோ அவ்வளவையும் அடைக்கிற கோர், அதாவது குழாயும் மெல்லிய தகட்டு ஃபின்னுமாக உள்ள நடுப்பகுதி. அதில் குழாய்கள் இரண்டு வரிசை, மிஞ்சினால் மூன்று. கூடவே 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடி, கோர் முழுவதையும் மூடிக் காற்றை வழிநடத்தும் ஷ்ரௌட் என்ற கூட்டோடு ஒரு எலக்ட்ரிக் ஃபேன். நண்பர்கள் வாங்கச் சொன்னதாக நீங்கள் எழுதியிருக்கும் நான்கு வரிசை ரேஸிங் அலுமினிய ரேடியேட்டர், நாகர்கோவிலில் ஓடப்போகிற வண்டிக்குத் தேவையே இல்லை.

உங்கள் ஹெரால்டை ஸ்போர்ட்ஸ் கார் என்று எழுதியிருக்கிறீர்கள், அதைக் கேட்டு யாராவது சிரித்தால் கண்டுகொள்ளாதீர்கள். 1962-ல் வந்த ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரின் அடிச்சட்டம், ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குட்டையாக்கியதுதான். இரண்டையும் வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலாட்டி. ஹெரால்டின் கூரையும் போல்ட்டில் நிற்பதுதான், கழற்றிவிட்டால் பாதி ஸ்போர்ட்ஸ் கார் ஆகிவிடும். கீழே சொல்வதெல்லாம் ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவருக்கும் பொருந்தும்.

சரி, சூட்டுக் கணக்குக்கு வருவோம். பழைய 948 சிசி இன்ஜின் 35 குதிரைத்திறனை ஒட்டிக் கொடுத்தது. ஜிப்சியின் 1298 சிசி எம்பிஎஃப்ஐ இன்ஜின், அதாவது கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் பீய்ச்சும் வகை, 80 கொடுக்கும். சக்தி இரண்டு மடங்குக்கு மேல் ஏறியதால் ரேடியேட்டரும் இரண்டு மடங்கு வேண்டும் என்று தோன்றும். ஆனால் பெட்ரோல் எரிந்து வரும் சூட்டில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கு வண்டியை ஓட்டும் வேலைக்கும், ஒரு பங்கு புகையோடு வெளியேயும், ஒரு பங்கு தண்ணீருக்கும் போகிறது. அதாவது தண்ணீரில் ஏறும் சூடு, அந்த நேரத்தில் நீங்கள் இன்ஜினிடம் வாங்கும் வேலையைப் பொறுத்தது. சமதளத்தில் 60 கி.மீ. வேகத்தில் போக இவ்வளவு சின்ன காருக்குப் பத்து குதிரைத்திறன்கூட வேண்டாம். பழைய இன்ஜினோ புதிய இன்ஜினோ, அந்த ஓட்டத்தில் சூடு ஏறக்குறைய ஒன்றுதான். எண்பதையும் அரைமணி நேரம் விடாமல் பிழிவதற்கு நம் மாவட்டத்தில் சாலை எங்கே இருக்கிறது?

ரேடியேட்டருக்கு உண்மையான சோதனை வேறு இடங்களில் இருக்கிறது. மார்த்தாண்டத்தில் மேம்பாலத்துக்குக் கீழே மாட்டிக்கொண்டு ஊரும்போது சூடு கொஞ்சம்தான், ஆனால் காற்றே இல்லை. பேச்சிப்பாறையிலிருந்து கோதையாறு போகும் மலைப்பாதையில் இரண்டாம் கியரில் ஏறும்போது சூடு நிறைய, காற்று கொஞ்சம். மூன்றாவது ஒன்றும் உண்டு, அதைப் பலர் யோசிப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக வள்ளியூர் பக்கம் போனால் காற்று முதுகில் அடிக்கும். லாரிக்குப் பின்னால் 30 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள், காற்றும் அதே வேகத்தில் பின்னாலிருந்து வருகிறது என்றால் கிரில்லுக்குள் தானாக நுழையும் காற்று பூஜ்யம். திரும்பி வரும்போது அதே காற்று எதிரே வந்து வெப்பமானி முள்ளைக் கீழே இறக்கிவிடும்.

இந்த மூன்று இடத்திலும் குறைவது காற்றுதான். அதனால்தான் வரிசையைக் கூட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. முதல் வரிசைக் குழாய்களைத் தொட்டவுடனே காற்று சூடாகிவிடுகிறது, நான்காவது வரிசைக்குப் போய்ச் சேரும்போது அதனால் வாங்கிக்கொள்ள அதிகம் இல்லை. கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவருக்கு அவியல் தீர்ந்துபோன கதைதான். அதோடு கோர் தடிக்கத் தடிக்க ஃபேன் காற்றை இழுக்கத் திணறும். அகலத்தில் கிடைக்கும் ஓர் அங்குலத்துக்குத் தடிமனில் இரண்டு அங்குலம்கூட ஈடாகாது என்பது என் கருத்து.

அலுமினியமா, செம்பா? உலோகமாகப் பார்த்தால் சூட்டைக் கடத்துவதில் செம்புதான் மேல். அலுமினியத்தின் பலம் எடைக் குறைவும், குழாய்களை அகலமாகச் செய்ய முடிவதும். 150 குதிரைத்திறன் இன்ஜின் ஏற்றுகிறவர் என்றால் நானே அலுமினியம் என்றுதான் சொல்வேன். 80-க்குச் செம்பு தாராளம். குளச்சல், முட்டம் பக்கமெல்லாம் வண்டி போகும் என்றால் உப்புக் காற்று எந்த உலோகத்தையும் விடாது, மெல்லிய ஃபின்தான் முதலில் உதிரும். ஆனால் செம்பு-பித்தளையில் ஓட்டை விழுந்தால் ஈயம் வைத்துப் பற்றவைக்கும் கடை நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் இன்னும் இருக்கிறது, அன்று மாலையே வண்டி ஓடும். அலுமினியத்துக்கு நல்ல டிக் வெல்டிங் கை வேண்டும், அவ்வளவு மெல்லிய குழாயில் அது எல்லோருக்கும் வராது. எனக்குத் தெரிந்த பழைய கடைக்காரர் ஒருவர் அலுமினிய ரேடியேட்டரைக் கண்டாலே, “மக்கா, இத எங்கிட்ட கொண்டு வராத, புதுசு வாங்கிரு” என்பார். கடலோரம் போய் வந்தால் நல்ல தண்ணீரைப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெதுவாக அடித்துக் கழுவுங்கள். பிரஷர் வாஷ் வேண்டாம், ஃபின் மடங்கிவிடும்.

பழைய ரேடியேட்டரின் மேல், கீழ் டேங்குகளை வைத்துக்கொண்டு புதுக் கோர் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். போடலாம், ஆனால் அழுத்தத்தைப் பாருங்கள். அந்தக் காலத்து மூடிகள் மிகக் குறைந்த அழுத்தத்துக்கானவை. ஒவ்வொரு பிஎஸ்ஐ அழுத்தமும் தண்ணீர் கொதிக்கும் நிலையை ஏறக்குறைய ஒன்றரை டிகிரி செல்சியஸ் உயர்த்தும். 0.9 பார், அதாவது சுமார் 13 பிஎஸ்ஐ மூடி போட்டால் வெறும் தண்ணீரே 118 டிகிரி வரை கொதிக்காது. அறுபது வருடப் பித்தளை டேங்கின் தையல் அந்த அழுத்தத்தைத் தாங்குமா என்று கடையில் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, காற்றடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகம் என்றால் டேங்கையும் புதிதாக அடித்துக்கொள்வது நல்லது.

அடுத்தது உயரம். ஹெரால்டின் பானெட் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறப்பது, மூக்கும் தாழ்வு. தண்ணீர் சூடானபின் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். இன்ஜினில் அது இருக்கும் வாய் ரேடியேட்டர் மூடியைவிட உயரத்தில் வந்துவிட்டால் காற்று அங்கே போய்த் தங்கும். முள் நார்மல் காட்டும், இன்ஜினின் மேல்பகுதியான ஹெட் வெந்துகொண்டிருக்கும். அப்படி இருந்தால் இன்ஜினுக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள தகடான ஃபயர்வாலை ஒட்டி, எல்லாவற்றுக்கும் மேலே, அழுத்தம் தாங்கும் ஒரு சிறிய எக்ஸ்பான்ஷன் டேங்க் வைத்து மூடியை அங்கே மாற்றுங்கள். ரேடியேட்டரின் உச்சியிலிருந்து ஒரு மெல்லிய ஹோஸ் அதற்குப் போக வேண்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடும் பழக்கம் நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு உண்டு, எம்பிஎஃப்ஐ இன்ஜினில் அதைச் செய்ய விடாதீர்கள். இன்ஜின் சூடாகவே இல்லை என்று கம்ப்யூட்டர் நினைத்து பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும்.

ஃபேன் கோருக்குப் பின்னால் நின்று இழுப்பதாக இருக்கட்டும். முன்னால் நின்று தள்ளும் ஃபேன், ஓடாத நேரத்தில் காற்றை மறைக்கும். ஷ்ரௌட் இல்லாத ஃபேன் தன் வட்டத்துக்கு நேரே உள்ள கோரை மட்டும்தான் குளிர்விக்கும், நான்கு மூலையும் சும்மா கிடக்கும். தகரத்தில் அடித்தால் போதும். அதேபோல் ரேடியேட்டருக்கு இரண்டு பக்கமும் உள்ள இடைவெளியை அட்டையோ ரப்பரோ வைத்து அடையுங்கள், இல்லையென்றால் காற்று கோரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். ஃபேன் 10 முதல் 15 ஆம்பியர் இழுக்கும், ரிலேயும் தனி ஃபியூஸும் கட்டாயம். வண்டியில் இன்னும் பேட்டரியின் பாசிட்டிவ் முனையைப் பாடியில் இணைக்கும் பாசிட்டிவ் எர்த் வயரிங் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

கிணற்றுத் தண்ணீர் ஊற்றாதீர்கள், கடலோரக் கிணறு என்றால் நினைக்கவே வேண்டாம். டிஸ்டில்டு வாட்டரில் மூன்றில் ஒரு பங்கு கூலன்ட் போதும். நமக்கு உறைபனிக் கவலை இல்லை, துருப் பிடிக்காமல் இருக்கத்தான் அது. ஈயப் பற்றுக்கு ஒத்துக்கொள்ளும் வகைதானா என்று டப்பாவில் படித்துப் பாருங்கள், நிறத்தை நம்ப முடியாது.

இன்ஜின் மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் பதிய வேண்டும். இன்ஜினை இறக்கும் முன்பே போய்ப் பேசிவிடுங்கள்.

எல்லாம் பூட்டி ஓடவிட்ட பிறகு ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வாங்கி, தெர்மோஸ்டாட் திறந்தபின் மேல் டேங்கையும் கீழ் டேங்கையும் பாருங்கள். வித்தியாசம் ஆறிலிருந்து பத்து டிகிரி வரை இருந்தால் நல்லது. இரண்டும் ஒரே சூட்டில் இருந்து முள் ஏறிக்கொண்டே போனால் காற்று போதவில்லை, ஷ்ரௌடைப் பாருங்கள். மேலே கொதித்துக் கீழே ஆறிக் கிடந்தால் தண்ணீர் ஓடவில்லை, அடைப்போ பம்போ காரணம். கோரின் நடுவில் எங்காவது மட்டும் குளிர்ச்சியாக இருந்தால் அந்த இடத்துக் குழாய்கள் அடைபட்டிருக்கின்றன. டேங்கைக் கழற்றி, குழாய்களுக்குள் ராடு விட்டு அடைப்பை எடுக்கச் சொல்லுங்கள்.