செவ்வாய்க்குப் போகிறவர்களுக்கு எத்தனை கிலோ அரிசி?

அம்மா, வணக்கம்.

நீடாமங்கலத்திலிருந்து நீங்கள் எழுதிய மூன்று பக்கக் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிற மகள் பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தும் லேப்டாப்பை மூடவில்லை. மாட்டுப் பொங்கலன்றுகூடக் கொல்லைப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. சிஜிபிஏ 8.1-லிருந்து 7.4-க்கு இறங்கிவிட்டது. கேட்டால், "மனுசங்க போற விண்கலம் டிசைன் பண்றோம்மா, பன்னாட்டுப் போட்டி" என்கிறாள். இப்போது பதினெட்டாயிரம் ரூபாய் வேண்டுமாம். இது படிப்பா விளையாட்டா, இதனால் வேலை கிடைக்குமா, கேம்பஸில் கிடைக்க இருப்பதும் கைநழுவிப் போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

செய்யட்டும் என்பதுதான் என் பதில். ஆனால் பதினெட்டாயிரத்தை இன்றைக்கே அனுப்பிவிடாதீர்கள். அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

இத்தகைய போட்டிகளில் பெரும்பாலும் யாரும் எதையும் கட்டுவதில்லை. இத்தனை பேர், இத்தனை நாள், இங்கே போய்த் திரும்ப வேண்டும் என்று ஒரு கேள்வி கொடுப்பார்கள். மாணவர்கள் குழுவாக உட்கார்ந்து கணக்குப் போட்டு, படம் வரைந்து, அறிக்கை எழுதி அனுப்ப வேண்டும். ஓர் உதாரணம் சொல்கிறேன். 2013-இல் டென்னிஸ் டிட்டோ என்ற அமெரிக்கச் செல்வந்தர், இரண்டு பேரை 501 நாளில் செவ்வாயைச் சுற்றிக்கொண்டு திரும்பிவர வைக்கலாம், 2018 தொடக்கத்தில் அதற்கு வாகான நேரம் வருகிறது என்று ஒரு திட்டத்தை அறிவித்தார். அதை வைத்து, மனிதர் செவ்வாய்க்குப் போக வேண்டும் என்று இயங்கும் மார்ஸ் சொசைட்டி என்ற அமைப்பு மாணவர்களுக்கு ஒரு வடிவமைப்புப் போட்டி நடத்தியது. ஜப்பானின் கெயோ பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகமும் சேர்ந்த குழு 2014-இல் வென்றது. கலம் மட்டும் கடைசிவரை பறக்கவே இல்லை. பணம் சேரவில்லை, திட்டம் அப்படியே நின்றுபோனது.

பறக்காத கலத்துக்கு எதற்கு இத்தனை பாடு என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நீங்கள் சத்துணவு அமைப்பாளர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் உங்கள் பெண் செய்கிற வேலை என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகப் புரியும். ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை தலைக்கு 100 கிராம் அரிசி, அதற்கு மேல் எட்டாம் வகுப்பு வரை 150 கிராம். சின்ன வகுப்பில் 60 பேர் வந்தால் 6 கிலோ. காலையில் வருகைப் பதிவேட்டைப் பார்த்து நீங்கள் போடுகிற கணக்கு இது.

அதே கணக்கைச் செவ்வாய்க்குப் போகிறவர்களுக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 0.84 கிலோ ஆக்சிஜன் வேண்டும். குடிக்கவும் உணவில் கலக்கவும் தண்ணீர் இரண்டரை, மூன்று கிலோ. ஈரம் நீக்கிய உணவு 0.6 கிலோவை ஒட்டி வரும். இரண்டு பேர், 501 நாள் என்றால் 1,002 ஆள்-நாள். ஆக்சிஜன் மட்டுமே 840 கிலோ, உணவு 600 கிலோ, தண்ணீர் மூன்று டன்னை நெருங்கும். இதில் குளிக்கிற தண்ணீர் சேரவில்லை. உங்களுக்கு அரிசி தீர்ந்தால் அடுத்த மாத ஒதுக்கீடு வரும். அவசரத்துக்குப் பக்கத்துப் பள்ளியில் கைமாற்றும் வாங்கலாம். அங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

சரி, தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்து குடிக்கலாமே என்றால், செய்யலாம். பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் சிறுநீர், வியர்வை எல்லாவற்றையும் சேர்த்து 98 சதவீதத் தண்ணீரை மீட்க முடிகிறது என்று 2023-இல் காட்டிவிட்டார்கள். முகம் சுளிக்காதீர்கள்! ஆனால் அந்த இயந்திரத்துக்கும் எடை உண்டு. அதற்கு மின்சாரம் வேண்டும், மாற்று வடிகட்டி வேண்டும், நடுவழியில் பழுதானால் சரிசெய்ய உதிரிபாகமும் வேண்டும். தண்ணீரைச் சுமப்பதா, இயந்திரத்தைச் சுமப்பதா? எத்தனை நாள் பயணம் என்பதைப் பொறுத்து விடை மாறும். மூன்று நாள் பயணத்துக்குச் சுமப்பதே லாபம். 501 நாளுக்கு அந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். உங்கள் பெண் பொங்கலன்று தலை நிமிராமல் பார்த்துக்கொண்டிருந்தது இப்படி ஏதோ ஒரு அட்டவணையாகத்தான் இருக்க வேண்டும்.

உங்கள் ஊர்ப் பக்கமே ஓர் உவமை இருக்கிறது. மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகிற இடத்தைப் பார்த்திருப்பீர்கள். கோரையாற்றில் கூடுதலாக விட்டால் பாமணியாற்றில் குறையும். விண்கலத்தின் எடைக் கணக்கும் அப்படித்தான். எஞ்சின் பார்க்கிற பையன் நூறு கிலோ அதிகம் எடுத்துக்கொண்டால், உயிர்காப்பு அமைப்பு பார்க்கிற பெண்ணுக்கு நூறு கிலோ குறையும். அதனால் குழுவுக்குள் சண்டை வரும். வர வேண்டும் என்றே சொல்வேன். அந்தச் சண்டையைத் தாளில் கணக்காக எழுதி முடிக்கத் தெரிந்த பிள்ளைகளை எந்த நிறுவனமும் விடாது.

எழுதி முடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அப்போலோ 13 இருக்கிறது. 1970 ஏப்ரலில் நடுவழியில் ஆக்சிஜன் தொட்டி வெடித்து, மூன்று பேரும் நிலவில் இறங்குவதற்காகச் செய்த சின்னக் கலத்துக்குள் ஒதுங்கினார்கள். அவர்கள் விடுகிற மூச்சிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சும் டப்பா, பெரிய கலத்தில் சதுரம், சின்னக் கலத்தில் வட்டம். ஒன்று மற்றொன்றில் பொருந்தாது. இரண்டு கலங்களையும் செய்தவை வெவ்வேறு நிறுவனங்கள். பிளாஸ்டிக் பை, அட்டை, ஒட்டுநாடா, விண்வெளி உடையின் குழாய் என்று கையில் கிடைத்ததை வைத்து ஒட்டுப்போட்டுத்தான் உயிரோடு திரும்பினார்கள்.

இனி வேலை விஷயம். இந்தப் போட்டிச் சான்றிதழுக்கு இஸ்ரோவில் தனி மதிப்பெண் எதுவும் கிடையாது. பொறியியல் பட்டதாரிகளை விஞ்ஞானி/பொறியாளராக எடுக்க இஸ்ரோ நடத்தும் தேர்வுக்கு 65 சதவீதம், அல்லது பத்துக்கு 6.84 சிஜிபிஏ வேண்டும். வயது 28-க்குள் இருக்க வேண்டும். எழுத்துத் தேர்வு, அப்புறம் நேர்முகம். ஆகவே 7.4 என்பது பயப்படுகிற எண் இல்லை. இன்னும் இறங்கினால்தான் ஆபத்து. அரியர் விழுந்தால் கேம்பஸில் பல நிறுவனங்கள் உள்ளேயே விடாது. ஒரு அரியர் விழுந்தாலும் குழுவிலிருந்து விலகிவிட வேண்டும் என்று அவளிடம் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இதில் மட்டும் கறாராக இருங்கள்.

விண்வெளிக்கு ஏரோஸ்பேஸ்தான் படித்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அந்தத் தேர்வில் பெரும்பாலான இடங்கள் மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் படித்தவர்களுக்குத்தான். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்துத் தொடங்கியவர், திருச்சி என்.ஐ.டி.யில் முதுகலை முடித்தவர். இஸ்ரோவை விட்டாலும் அக்னிகுல், ஸ்கைரூட் மாதிரித் தனியார் நிறுவனங்கள் ராக்கெட் ஏவத் தொடங்கிவிட்டன. அட, விண்வெளியையே விட்டாலும் சரி. மனிதர் உட்காரும் கூண்டு என்பது உள்ளே காற்றழுத்தம் தாங்குகிற ஒரு பாத்திரம். அதைவிட நூறு மடங்குக்கும் மேல் அழுத்தம் தாங்குகிற கொதிகலன்களைத் திருவெறும்பூரில் பெல் தொழிற்சாலை பல பத்தாண்டுகளாகச் செய்துவருகிறது. ஒரு வெல்டு எங்கே விடும், எவ்வளவு தடிமன் போதும் என்று யோசிக்கப் பழகியவளுக்குத் திருச்சியிலேயே வேலை இருக்கிறது.

நேர்முகத்தில் ஒன்றைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். ஒரே குழுவில் இருந்த இரண்டு பேர் மாதிரி நேர்முகத்துக்கு என்னிடம் வந்தார்கள். ஒரு தம்பி "நாங்க செவ்வாய்க்கு விண்கலம் டிசைன் பண்ணோம் சார்" என்றான். அதில் உன் பங்கு என்ன என்றதும் விழித்தான். அடுத்து வந்த பெண், "கரியமில வாயு உறிஞ்சுற பகுதி என்னது. முதல்ல போட்ட எடை தப்பு, எங்க தப்புன்னு கண்டுபிடிக்க ரெண்டு வாரம் ஆச்சு" என்று தொடங்கி இருபது நிமிடம் பேசினாள். உங்கள் மகளிடம் கேளுங்கள்: அறிக்கையில் எந்தப் பக்கங்கள் அவளுடையவை? பவர்பாயின்ட் அழகுபடுத்துவதும் பேனர் அடிப்பதும் மட்டும் அவள் தலையில் விழுந்திருந்தால், உறுதியாக ஒரு பகுதியைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். தர மறுத்தால் வெளியே வந்துவிடலாம்.

இப்போது பதினெட்டாயிரம். சில வருடங்களுக்கு முன் எங்கள் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் குழு, வெளிநாட்டில் இறுதிச் சுற்று என்று ஆளுக்கு ஒரு தொகை வசூலித்தது. டிக்கெட் போட்டார்கள், விசா வரவில்லை. டிக்கெட் பணமும் திரும்பவில்லை. ஒரு பையனின் அப்பா அதற்காகக் கூட்டுறவு வங்கியில் நகையை அடகு வைத்திருந்தார். போகலாம் என்று அன்றைக்கு நானும்தான் தலையாட்டினேன். அதனால் இப்போதெல்லாம் முதலில் பணத்தின் விவரத்தைக் கேட்கிறேன். பதிவுக் கட்டணம், உறுப்பினர் கட்டணம் என்றால் ரசீதோடு கொடுக்கலாம். மென்பொருளுக்கு என்றால் யோசியுங்கள்: கலம் போகும் பாதையைக் கணக்கிட நாசாவின் ஜிமேட் மென்பொருள் இலவசம், பாகங்களின் வலிமையைக் கணக்கிடும் ஆன்சிஸுக்கு இலவச மாணவர் பதிப்பு இருக்கிறது. பயணத்துக்கு என்றால், தேர்வான கடிதம் கையில் வந்து, கல்லூரியும் தன் பங்கை எழுத்தில் சொன்ன பிறகுதான்.

விதிமுறையையும் ஒருமுறை முழுதாகப் படிக்கச் சொல்லுங்கள். நாசாவின் ராஸ்கல் என்ற விண்வெளித் திட்ட வடிவமைப்புப் போட்டி முதன்மையாக அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கானது. ஏஐஏஏ என்ற அமெரிக்க விண்வெளிப் பொறியாளர் சங்கம் நடத்தும் போட்டிக்கு அதில் உறுப்பினராக வேண்டும். அமெரிக்காவின் ஹன்ட்ஸ்வில்லில் நாசா நடத்தும் ரோவர் (வேற்றுக் கிரகத் தரையில் ஓடும் வண்டி) போட்டிக்கு வெளிநாட்டுக் குழுக்களும் போகின்றன, ஆனால் வண்டியை நிஜமாகவே கட்ட வேண்டும், செலவு லட்சங்களில் போகும். மூன்று மாதம் உழைத்த பிறகு "நமக்குத் தகுதியில்லையாம் சார்" என்று வந்து நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

ராத்திரி பத்து மணி வரை லேப், பையன்களோடு வேலை என்ற கவலையையும் எழுதியிருந்தீர்கள். பொறுப்பாசிரியர் யார் என்று கேட்டு, அவருக்கு ஒரு போன் போடுங்கள். ஆசிரியர் பெயரே இல்லாத குழு என்றால்தான் நான் கவலைப்படுவேன்.

இன்னொன்று. உணவுப் பகுதி உங்கள் மகளுடையதாக இருந்தால், தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்பத்துக்கென்றே மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது, நிஃப்டெம். 1967-இல் திருவாரூர் நவீன அரிசி ஆலையில் ஒரு சின்ன ஆய்வுக்கூடமாகத் தொடங்கியதுதான் இன்று அந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறது. ஈரம் நீக்கிய உணவு எத்தனை மாதம் தாங்கும், தண்ணீர் ஊற்றினால் சோறு பழைய பதத்துக்கு வருமா என்று அங்கே முன்கூட்டியே கடிதம் எழுதி நேரம் கேட்கச் சொல்லுங்கள். நேரம் கிடைத்தால் நீங்களும் கூடப் போய்வாருங்கள். ஐம்பது பேருக்கு என்று வடித்த சோற்றுக்கு அறுபது பேர் வந்து நின்றால் என்ன செய்வது என்பது அந்தக் குழுவில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.