கோல்ஃபில் ஹேண்டிகேப் என்றால் என்ன? சுமாராக ஆடுபவர்களும் ஏன் இந்த ஆட்டத்தை விடுவதில்லை?

ஹேண்டிகேப் என்பது ஆட்டக்காரருக்குத் தரப்படும் அடிச் சலுகை. 18 குழிகளிலும் பந்தை மொத்தம் 72 முறை அடித்து முடிக்க வேண்டிய திடலில், ஹேண்டிகேப் 20 உள்ளவர் ஏறக்குறைய 92 அடியில் முடித்தாலே அவருக்கு அது நல்ல ஆட்டம். தோட்டத்து விளையாட்டு விழாவில் பொடியனைப் பத்தடி முன்னால் நிறுத்தி ஓடவிடுவோமே, அந்த மாதிரிதான். ஓய்வுபெற்ற கிராணியும் இளவட்டமும் ஒன்றாக மோத முடிவது இதனால்தான்.

சரி, இந்த ஆட்டம் எரிச்சலூட்டுவது ஏன்? 200 மீட்டர் அடியில் திசை 5 பாகை பிசகினாலே பந்து சுமார் 17 மீட்டர் தள்ளிப் போய்விடும். எங்கள் தோட்டப் பட்டணத்தில் அது நேராகச் செம்பனைக்குள்தான். பாம்புக்குப் பயந்து பாதிப் பேர் தேடவே போவதில்லை. பந்து அசையாமல்தான் கிடந்தது, பழிபோட எதிராளியும் இல்லை. அதுதான் இன்னும் கடுப்பு.

ஆனால் பேட்மின்டனில் லீ சோங் வெய்யிடம் நமக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்காது. இங்கே எப்பேர்ப்பட்ட கத்துக்குட்டிக்கும் எப்போதாவது ஓர் அடி தொழில்முறை வீரர் அடித்ததுபோல் அமைந்துவிடும். அப்புறம் எப்படி விடுவது?

பலர் ஹேண்டிகேப்பைச் சராசரி ஆட்டம் என்று நினைக்கிறார்கள். 2020இல் வந்த உலக முறைப்படி, கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த 8தான் கணக்கில் வரும். ஆகவே பெரும்பாலான நாள்களில் அதைவிட மோசமாக ஆடுவது இயல்புதான்.