52 வயதில் இரண்டாவது ஆலை

தம்பி, கிளிநொச்சியில் அரிசி ஆலை நன்றாக ஓடுகிறது, 52 வயதில் கடன் எடுத்து இன்னொன்று போடலாமா, மனைவி வேண்டாம் என்கிறா என்று எழுதியிருந்தீர்கள்.

இரணைமடுவில் சிறுபோகத்துக்கு, அதாவது கோடை நெல் விதைப்புக்கு, குளத்து நீர்மட்டத்தைப் பார்த்துத்தானே எத்தனை ஏக்கர் விதைப்பது என்று முடிவெடுக்கிறோம்? காணி கிடக்கிறதே என்று முழுக்க விதைப்பதில்லை. உங்கள் உடம்பையும் அப்படிப் பாருங்கள்.

நான் 55 வயது வரை இரவு 11 மணிக்குத்தான் கடை பூட்டினேன். மகள் புட்டைக் கோப்பையால் மூடி வைத்துவிட்டு மேசையிலேயே தூங்கிப் போயிருப்பாள். அந்த ஆறிப்போன புட்டு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

கடன் வேண்டாம். ஆசை இருந்தால் இருக்கிற ஆலையில் நெல் அவிக்கிற இடத்தைப் பெருப்பியுங்கள், போதும். அப்புறம், வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு ஆலையைப் பூட்டிவிட்டுத் மனைவியோடு போய் வாருங்கள்.