'பிரதர்' என்று கூப்பிட்டால் யார் திரும்புவார்?

கேள்வி: பிளஸ் டூ முடித்த என் மகன் நர்சிங் படிக்கப் போகிறேன் என்கிறான். "சிஸ்டர் வேலைக்கா?" என்று சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். மருத்துவப் பணியாளர் படிப்புகளில் ஆண்-பெண் சமத்துவம் வர என்ன வழி?
— வாசகி, கோத்தகிரி

பதில்: சமத்துவம் கொஞ்சம் காத்திருக்கட்டும் அம்மா, முதலில் அந்த 'சிஸ்டர்'. பித்தப்பைக் கல்லுக்காக மலைக்குக் கீழே ஓர் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கிடந்தேன். டிரிப்ஸ் மாற்ற ஒரு பையன் வருவான். பக்கத்துக் கட்டில்காரர் தட்டுத் தடுமாறி எழுந்து, "வணக்கம் டாக்டர்" என்பார். பின்னாலேயே நிஜ டாக்டர் வருவார். இளம்பெண், கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். "சிஸ்டர், டாக்டர் எப்ப வருவாரு? அப்படியே இந்த பெட்ஷீட்டை மாத்திடுங்க." மூன்றாம் நாள் பையன் பொறுக்க முடியாமல், "ஐயா, நான் நர்ஸ்" என்றான். "சரிங்க டாக்டர்" என்றார் அவர். நானாவது சரியாகக் கூப்பிடுவோம் என்று "பிரதர்!" என்றேன். துணைக்கு வந்திருந்த நான்கு பேர் திரும்பினார்கள், அவனைத் தவிர.

எங்கள் மெய்ப்புத் திருத்துநர் இதற்கெல்லாம் 'செவிலன்' என்று ஒரு தீர்வை வருடக்கணக்காக வைத்திருக்கிறார். சங்கப் பாட்டில் காதலனுடன் போய்விட்ட மகளைத் தேடிப் பாலையில் அலைந்தவள் செவிலித்தாய், அதாவது வளர்ப்புத்தாய். செவிலன் யாரும் அலைந்ததாக நான் படித்ததில்லை. 'செவிலியர்' போதாதா? அந்த 'அர்' எல்லோருக்கும் பொதுதானே!

பேரில் வந்த பொதுமை படிப்பில் இன்னும் வரவில்லை. நம் எஸ்டேட் லைன் வீடுகளுக்குக் காட்டெருமைக்கு ஒதுங்கி ஒதுங்கி நடக்கிற கிராம சுகாதார செவிலியர் படித்தது ஏ.என்.எம். என்கிற துணைச் செவிலியர்-மகப்பேறு படிப்பு; பெண்களுக்கு மட்டுமானது. சுகாதார ஆய்வாளராகப் போகிறவர் படிக்கும் படிப்பின் பெயரிலேயே 'ஆண்' என்று அடைப்புக்குறி உண்டு. அவளுக்குப் பிரசவம், இவனுக்குக் கொசு. இந்தக் குளிரில் இவன் பாடு தேவலை. வகுப்பிலேயே இப்படிப் பங்கு பிரித்துவிட்டுக் கட்டில்காரரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? அந்த அடைப்புக்குறியை எடுப்பதுதான் நீங்கள் கேட்ட வழி.

வேலூரில் ஐடா ஸ்கடர் 1918-ல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார்; இன்றைய சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி அதுதான். ஆண்களுக்கு அங்கே கதவு திறந்தது 1947-ல். அதன் பிறகு எந்த மாமாவும் "பொம்பளைங்க காலேஜுக்கா?" என்று சிரித்திருக்க மாட்டார், சீட்டுக்கு அலைந்திருப்பார்.

பையனைச் சேர்த்துவிடுங்கள். இந்தப் பதிலில் எங்காவது 'செவிலன்' முளைத்திருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.