ஆறு மாதம் என்றால் எத்தனை மாதம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘ஃபைனல் ஃபேண்டசி 16’ வீடியோ கேம், சோனியின் பிளேஸ்டேஷன் 5 விளையாட்டுக் கருவிக்கு (கன்சோல்) ஆறு மாதம் மட்டுமே எக்ஸ்க்ளூசிவ், அதாவது அதுவரை வேறெதிலும் கிடைக்காது என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தார்கள். 2023 ஜூனில் அது வெளிவந்தபோது, போட்டிக் கன்சோலான எக்ஸ்பாக்ஸ் வைத்திருக்கும் நான் ஆறு மாதம்தானே என்று பொறுத்துக்கொண்டேன். எனக்கு அது கிடைத்ததோ 2025 ஜூனில். பணம் கொடுத்து ஒரு கேமைப் பிறருக்கு எட்டாமல் வைப்பது ஏமாற்று வேலை இல்லையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளையும், சோனிக்கும் கேமை வெளியிட்ட ஸ்கொயர் எனிக்ஸுக்கும் இடையிலான ஒப்பந்தத்தின் கணக்கிலேயே எழுதிவிட முடியாது. விளம்பரத்தின்படி தடை 2023 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்தது. இருந்தும் கணினிப் பதிப்பே 2024 செப்டம்பரில்தான் வந்தது. கேம் வெளிவரும் முன்பே அதன் தயாரிப்பாளர் நவோகி யோஷிடா, மெருகேற்றும் வேலை நிறைய இருப்பதால் கணினிப் பதிப்பை ஆறு மாதத்தில் எதிர்பார்க்க வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். ஒரே கன்சோலின் திறனை அளவெடுத்து அதற்கேற்பச் செதுக்கிய ஒன்றைப் பிற கருவிகளுக்கு மாற்றும் ‘போர்ட்டிங்’ வேலை, முதல் பதிப்பை முடிக்கும் அவசரத்தில் பெரும்பாலும் பின்னுக்குப் போய்விடுகிறது. காகிதத்தில் விற்கப்படுவது மாதக்கணக்கு. உண்மையில் கைமாறுவது அந்தக் குழுவின் கவனம். விளம்பரத்தின் மூலையில் சிறிய எழுத்தில் வரும் அந்த ஆறு மாதத்தை நான் ஒருபோதும் நம்பியதில்லை.

அதற்காக எல்லா எக்ஸ்க்ளூசிவ்களையும் ஒரே தராசில் நிறுத்த எனக்கு மனமில்லை. ‘பயோனெட்டா’ கேமின் முதல் பாகம் பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 இரண்டிலும் வந்தது. இரண்டாம் பாகம் 2014-இல் நின்டெண்டோவின் வீ யூ கன்சோலில் மட்டும் வந்தபோது பழைய ரசிகர்கள் கொதித்தார்கள். ஆனால் நின்டெண்டோ பணம் போட்டிராவிட்டால் அந்த கேமே இருந்திருக்காது என்று அதை உருவாக்கியவர்களே சொன்னார்கள். அங்கே யாரிடமிருந்தும் எதுவும் பறிக்கப்படவில்லை.

‘மெட்ரோ எக்ஸோடஸ்’ கதை வேறு. பல மாதங்களாக, கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் இணையக் கடையில் முன்பதிவு நடந்துகொண்டிருந்த கேம் அது. 2019 பிப்ரவரி 15 வெளியீட்டுக்கு மூன்று வாரம்கூட இல்லாத நிலையில் அதன் கணினிப் பதிப்பு ஓர் எக்ஸ்க்ளூசிவ் ஒப்பந்தத்தால் போட்டிக் கடையான எபிக்குக்கு மாற்றப்பட்டது. ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு ஸ்டீமிலேயே கிடைக்கும் என்றாலும், புதிதாக வருபவர்களுக்கு ஸ்டீம் தன் பக்கத்தில், இது வாடிக்கையாளர்களுக்குச் செய்யப்படும் அநியாயம் என்று அறிவிப்பே ஒட்டிவைத்தது. (விற்பனையில் முப்பது சதவீதத்தை எடுத்துக்கொள்ளும் கடை, அப்போது பன்னிரண்டே எடுத்த கடையைப் பற்றி நியாயம் பேசியது தனி வேடிக்கை.) செய்து முடித்த பண்டத்தை ஒரு கடை அலமாரியிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்த மட்டுமே அந்த ஒப்பந்தம் பயன்பட்டது. ஏமாற்று என்ற சொல்லை நான் இங்கேதான் செலவழிப்பேன்.

வெளியீட்டாளர்கள் ஏன் இசைகிறார்கள் என்பதற்கு ‘கண்ட்ரோல்’ கேம் ஒன்றே போதும். அதன் கணினிப் பதிப்புக்கான எக்ஸ்க்ளூசிவ் உரிமைக்கு 94.9 லட்சம் யூரோ கிடைத்ததாக, அதை வெளியிட்ட நிறுவனத்தின் தாய் நிறுவனமான டிஜிட்டல் புரோஸின் கணக்கறிக்கை காட்டியது. ஒரு பிரதிகூட விற்காதபோதே இத்தனை தொகை உறுதியாகும் என்றால், நடுத்தர நிறுவனம் மறுப்பது கடினம்.

உங்கள் விஷயத்தில் கேள்வியை சோனியைவிட ஸ்கொயர் எனிக்ஸிடம்தான் கேட்க வேண்டும். கையெழுத்திட்டதும், மற்றப் பதிப்புகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதும் அவர்களே. அந்த கேமின் லாபம் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. 2024 மே மாதம், இனிப் பல தளங்களுக்கும் முனைந்து செல்லப்போவதாக அவர்கள் அறிவித்தார்கள். அதற்குப் பிறகும் உங்கள் எக்ஸ்பாக்ஸுக்கு வந்துசேர ஓராண்டு பிடித்தது.